தண்ணீருக்கு அசையாத எழுத்து

முக்குளிப்பவரால் கடலுக்கடியில் பேச முடியாது. காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டிருக்கிற வாய். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க இறங்குகிறவர்கள் அளவுநாடாவைப் பாறைமேல் விரித்து, அதன் கீழே வருவதையெல்லாம் எழுதிக்கொண்டே நகர்கிறார்கள்: உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல். எழுதுவது வெள்ளை பிளாஸ்டிக் சிலேட்டில். எழுதுகோல், நூலில் கட்டித் தொங்கவிட்ட சாதாரணப் பென்சில்.

கரையேறி, கணக்கை நோட்டில் ஏற்றிய பிறகுதான் சங்கடம். சிலேட்டைக் குழாயடியில் பிடித்தால் உப்பு போகிறது, எழுத்து போவதில்லை. கடலில் ஊறியும் கலையாதது குழாய்த் தண்ணீருக்கா கலையும்?

மையில் கரைகிற சாயம் உண்டு. பென்சிலில் கரைய எதுவுமே இல்லை. அதில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். இரண்டையும் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் வழியை 1795இல் பிரான்சில் கோன்டே கண்டுபிடித்தார். கிராஃபைட் என்பது கரி அணுக்களாலான மெல்லிய தகடுகள், அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 30 லட்சம் தகடுகள். தகட்டுக்குள் பிணைப்பு இரும்புப்பிடி. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் வெறும் ஒட்டுறவு. அதனால்தான் உரசினால் வழுக்கி உதிர்கிறது.

இந்த வழுக்கலுக்கு ஈரம் இடைஞ்சல் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இரண்டாம் உலகப்போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில் மின் இயந்திரங்களில் உரசியபடி மின்சாரம் கடத்தும் கிராஃபைட் கரித்துண்டுகள் சட்டென்று தேய்ந்து தூளாயின. அந்த உயரத்துக் காற்றில் ஈரப்பதம் போதவில்லை. ஈரமில்லாத கிராஃபைட் வழுக்குவதில்லை.

சரி, உதிர்ந்தது எங்கே தங்குகிறது? வழவழப்பான ஸ்கேலில் பென்சிலால் பெயர் எழுதப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடே விழாது. சிலேட்டின் முகத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகள் அரம்போல முனையைச் சீவுகின்றன. தூள் பள்ளங்களில் போய் உட்காருகிறது. எழுதவைக்கிற அதே பள்ளம்தான் அழிக்கவிடாமலும் பிடித்துவைக்கிறது.

ரப்பரால் அழிக்கலாம், சிலேட்டு நன்றாக உலர்ந்திருந்தால். ஈரத்தில் தேய்த்தால் ரப்பர் நீர்ப்படலத்தின்மேல் சறுக்கிக்கொண்டு போகும். அழித்த ரப்பரைச் சிலேட்டோடு ஒரே பையில் போட்டு மறந்துவிடக் கூடாது. ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பரும் ஸ்கேலும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்குமே, அதே கதை: ரப்பரை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

இதைவிட நல்லது பற்பசை. அதிலுள்ள சுண்ணத் தூளோ சிலிக்காத் தூளோ பள்ளத்துக்குள் புகுந்து கரியைச் சுரண்டி எடுக்கும். நுரை அதை மறுபடி படியவிடாமல் ஏந்திக்கொள்ளும். பழைய பல்துலக்கியால் வட்டமாகத் தேய்த்தால் நுரை சாம்பல் நிறமாவதைப் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கிற பொடியும் இதையே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்யும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை மட்டும் தொட வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் கரியை ஒன்றும் செய்யாது, பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். குற்றவாளியை விட்டுவிட்டு வீட்டை இடிக்கிற வேலை.

ஆனால் பற்பசை கரியோடு மேடுகளையும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்க்கிறது. பல தடவை துலக்கிய சிலேட்டு பளபளவென்று அழகாக இருக்கும்; பென்சில்தான் பிடிக்காது. அந்தக் காலத்துக் கல் சிலேட்டைக் கரியும் கோவை இலையும் போட்டுத் தேய்த்துப் புதுப்பித்தார்கள். இதற்கு நைசான உப்புத்தாள். நனைத்துக்கொண்டு எல்லாத் திசையிலும் லேசாக இழுத்தால் சொரசொரப்பு திரும்பிவிடும். அதைப் படகிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டாம். பவளத்தைக் காப்பாற்ற எழுதிய பலகையின் பிளாஸ்டிக் தூள் பவளத்தின்மேலேயே போய் விழும்.