புல்வெட்டும் ரோபோவும் முள்ளெலியும்

தானாகவே புல்வெட்டும் ரோபோவை 1995ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் இவை பல வகையாக உலவுகின்றன. எதனைத் தேர்வது?

முதலில் புற்றரையை அளத்தல் வேண்டும். அதன் பரப்பும் சரிவும் இயந்திரத்தின் ஆற்றலுக்கு அடங்கியவையா என்று பார்ப்பது நன்று. மரங்கள் வானை மறைக்குமிடத்தில் செய்மதியை நம்பும் ரோபோ தடுமாறும். அங்கே எல்லைக் கம்பி பதிக்கும் வகையே உகந்ததென்போம்.

குழந்தைகள் ஆடும் வேளையில் அதனை இயக்கலாகாது. இரவிலும் வேண்டாம். இரவில் இரைதேடும் முள்ளெலி ஆபத்தைக் கண்டால் ஓடாது, சுருண்டு கிடக்கும். அச்சிற்றுயிரை அலகு அறுத்துவிடக்கூடும்.

எத்துணை விலையுயர்ந்த கருவியாயினும், அதனை எப்பொழுது நிறுத்துவதென அறிய வேண்டியவர் வீட்டுக்காரரே என்பது நம் கருத்து.