மலைவீட்டு மரத்துக்குக் கவாத்து

வீட்டருகே நிற்கும் மரத்தின்மேல் புயற்காற்று எவ்வளவு விசையைச் செலுத்துகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் ஏறினால், வீட்டோரங்களில் பலா, மா, புளி போன்ற மரங்களைக் காணலாம். நிழலும் பழமும் தரும் அம்மரங்கள் மழைக்காலத்தில் கூரைமேல் விழுந்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு. இந்த அச்சம் வீணானதன்று. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டத்தின் பல இடங்களில் மரங்கள் வேரோடு சாய்ந்தன.

காற்றின் கணக்கு

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மலைமுகட்டைக் கடக்கும் காற்று நெருக்கப்பட்டு விரைவு கூடுவதால், முகட்டில் நிற்கும் மரத்துக்குத் தொல்லை அதிகம்.

ஒரு மரத்தின் தழைப்பகுதி 20 சதுர மீட்டர் பரப்பில் காற்றை எதிர்கொள்கிறது என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்றை அது சுவர்போலத் தடுத்தால், அதன்மேல் செயற்படும் விசை சுமார் 3,300 நியூட்டன்; அதாவது ஏறக்குறைய 340 கிலோகிராம் எடை. இலைகள் மடங்கிக் காற்றுக்கு வழிவிடுவதால் உண்மையில் விசை இதைவிடக் குறைவே.

இந்த விசை அடிமரத்தை ஒரு நெம்புகோல்போல் வளைக்கிறது. விசையை உயரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். தழைப்பரப்பை ஐந்தில் ஒரு பங்கும், அதன் நடு உயரத்தைப் பத்தில் ஒரு பங்கும் குறைத்தால், திருப்புத்திறன் (0.8 × 0.9 = 0.72) 28 விழுக்காடு குறைந்துவிடும். கவாத்தின் பயன் இதுவே.

தலையை வெட்டலாமா?

"உச்சியையே வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று பலர் நினைக்கின்றனர். மொட்டையடித்த மரம் உறங்கும் மொட்டுகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர்களை விடும். இவை மேல்பரப்பில் மட்டுமே ஒட்டியிருப்பதால், சில ஆண்டுகளில் பருத்ததும் எளிதில் பிளந்து விழும். பெரிய வெட்டுவாய் வழியே பூஞ்சை நுழைந்து அடிமரத்தையும் உளுத்துப்போகச் செய்யும்.

மரத்தை அடியோடு வெட்டினாலும் ஆபத்து உண்டு. சரிவின் மண்ணைப் பிடித்திருக்கும் வேர்கள் சில ஆண்டுகளில் மக்கிவிடும்; பிறகு கனமழையில் மண்ணே சரியலாம். மேலும், தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட முன் அனுமதி வேண்டும்.

மூன்று வெட்டு

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. புதுத்திசுவால் சுற்றி அடைத்துவிடுகிறது என்று அமெரிக்க அறிவியலார் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். அந்த அடைப்புக்கு இவ்வளையம் இன்றியமையாதது. ஆகவே அதைச் சிதைக்கக்கூடாது. நீண்ட குச்சியாகவும் விடக்கூடாது.

கனத்த கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அதன் எடையே பட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். எனவே அடிமரத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். இரண்டாவதாக, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை கிழியாமல் விழும். மூன்றாவது வெட்டு, எஞ்சிய துண்டை வளையத்துக்கு வெளியே நீக்குவது. வெட்டுவாயில் தாரோ வண்ணமோ பூசத் தேவையில்லை. ஓராண்டில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலைதான் மரத்தின் உணவுச்சாலை. உட்கிளைகளை மட்டும் கழித்து நுனியில் தழையை விடுவதும் தவறு. எடை நுனிக்குச் சென்று கிளை ஒடியும்.

எப்போது?

தேயிலை, காப்பித் தோட்டங்களில் பருவமழைக்கு முன்பே நிழல்மரங்களைக் கவாத்துச் செய்வது வழக்கம். நீங்களும் அப்போதே மரத்தைச் சுற்றிப் பாருங்கள். அடியில் காளான், தண்டில் பொந்து, புதிதாகத் தோன்றிய சாய்வு, மேட்டுப்பக்க மண்ணில் வெடிப்பு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வேர் தளர்ந்த மரத்தைக் கவாத்து காப்பாற்றாது. அனுபவம் மிக்கவரை உடனே அழைத்துக் காட்டுங்கள். மின்கம்பி அருகிலிருந்தால், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை எவரையும் மரத்தில் ஏற விடாதீர்கள்.