நெசவாளர் தொடங்கிவைத்த மவுத் ஆர்கன் ஊர்... ஹார்மோனிகா திருவிழாவில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஆரணியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். உலகெங்கும் உள்ள மவுத் ஆர்கன் கலைஞர்கள் ஒருமுறையாவது போய் வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் ஊர், ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கும் ட்ரோஸிங்கன். அந்த ஊரில் இந்தக் கருவியை முதலில் செய்து விற்றவர், துணி நெய்யும் ஒரு நெசவாளர்!

ஊருக்குள் எப்படி வந்தது?

1820-களில் பக்கத்து வீட்டுக்காரர் வியன்னாவிலிருந்து ஒரு ஹார்மோனிகா வாங்கி வந்தார். அதைப் பார்த்தே இன்னொன்றைச் செய்தார் நெசவாளர் கிறிஸ்டியன் மெஸ்னர். விற்பனை சூடுபிடிக்க, சொந்தக்காரர்களும் களமிறங்கினார்கள். 1857-ல் கடிகாரத் தொழில் செய்துவந்த மத்தியாஸ் ஹோனர் தன் பட்டறையைத் தொடங்கினார். முதல் வருடம் அவர் செய்தது வெறும் 650. முப்பதே ஆண்டுகளில் அது வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. தொழிற்சாலை வளர்ந்த பிறகும், சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பாகங்களைப் பொருத்திக் கொடுத்தன. பாவு ஓட்ட ஒருவர், நூல் சுற்ற ஒருவர், தறியில் ஒருவர் என்று வீடே வேலை செய்யும் ஆரணிக்கு இந்தக் கதை புதுசில்லை.

விழாவில் என்ன ஸ்பெஷல்?

ட்ரோஸிங்கனில் 1989-லிருந்து, பொதுவாக 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக ஹார்மோனிகா விழா நடக்கிறது. பகலில் போட்டிகளும் பயிலரங்குகளும். மாலையில் கச்சேரி. தனியாக வாசிப்பவர்கள், மூவர் குழு, பெரிய ஆர்கெஸ்ட்ரா எனப் பல பிரிவுகள். மூவர் குழுவில் ஒருவர் மெட்டை வாசிப்பார், ஒருவர் பேஸ் ஹார்மோனிகா, இன்னொருவர் கையில் கிட்டத்தட்ட இரண்டடி நீளத்துக்கு ஒரு கார்டு ஹார்மோனிகா. தைவான், ஹாங்காங், மலேசியா குழுக்கள் வந்து கலக்கும். ஆசியாவிலேயே ஆசிய பசிபிக் ஹார்மோனிகா விழா என்று தனியாக ஒன்று நடக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர் நகரங்கள் அதை நடத்தியிருக்கின்றன.

ஆனால் போய்வந்தவர்கள் அதிகம் பேசுவது மேடையைப் பற்றி அல்ல; கச்சேரி முடிந்து ஹோட்டல் வரவேற்பறையிலும் மதுக்கூடத்திலும் நடக்கும் ஜாமிங் பற்றித்தான்.

ஜாமிங்குக்கு என்ன விதி?

எழுதப்படாத விதிகள் நான்கு. ஒன்று, முதலில் எந்தச் சுருதி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சின்ன ஹார்மோனிகா ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்கு என்றே செய்யப்பட்டது. அதனால்தான் கலைஞர்கள் பை நிறைய வைத்திருக்கிறார்கள். இரண்டு, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தாளத்தோடு மெதுவாகப் பக்கபலம் தர வேண்டும். மூன்று, தன் முறை முடிந்ததும் கண்ணாலேயே அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நான்கு, அடுத்தவர் கருவியை வாங்கி ஊதவே கூடாது. வாயில் வைக்கிற பொருள் ஆச்சே!

மொழி தெரியாத இருவர் பத்து நிமிஷத்தில் சேர்ந்து வாசிக்க இது போதும்.

நம்ம ராகம் வருமா?

வரும். 10 துளை உள்ள 'சி' ஹார்மோனிகாவை எடுங்க. 4-ம் துளையில் ஊதினால் ச, காற்றை உள்ளிழுத்தால் ரி. 5-ல் ஊதினால் க. 6-ல் ஊதினால் ப, இழுத்தால் த. 7-ல் ஊதினால் மேல் ச. அவ்வளவுதான், மோகனம் ரெடி! ஆனால் கீழ் ஸ்தாயியில் ம, த இரண்டும் நேரடியாகக் கிடைக்காது. உள்ளிழுக்கும்போது நாக்கின் நிலையை மாற்றி ஸ்வரத்தை இறக்க வேண்டும். 'பெண்டிங்' எனப்படும் இந்த வித்தைக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. எல்லா ஸ்வரமும் வேண்டும் என்றால் பக்கவாட்டில் பட்டன் வைத்த குரோமாட்டிக் ஹார்மோனிகாதான் வழி.

இந்தியாவில் யார்?

1964-ல் வந்த 'தோஸ்தி' இந்திப் படத்தில் கேட்கும் மவுத் ஆர்கன், ஆர்.டி.பர்மன் வாசித்தது. லக்ஷ்மிகாந்த் பியாரேலால் இசையமைத்த படத்துக்கு, நண்பராக வந்து வாசித்துக் கொடுத்தார். 'ஷோலே'யில் அமிதாப் பச்சன் ராத்திரி வாசலில் உட்கார்ந்து வாசிப்பதை மறக்க முடியுமா?

ஆரணிக்கு இதில் என்ன?

1997-ல் ஹோனர் நிறுவனம் தைவான் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. விலை குறைந்த மாடல்கள் பல சீனாவில் தயாராகின்றன. ஆனாலும் ட்ரோஸிங்கன் மறந்துபோகவில்லை. காரணம், கருவியை வாங்கியவர்கள் அது பிறந்த ஊரைத் தேடி வருகிறார்கள். அருங்காட்சியகம் பார்க்கிறார்கள், செய்தவரோடு பேசுகிறார்கள், சேர்ந்து வாசிக்கிறார்கள்.

ஆரணிக்கும் ஆட்கள் வருகிறார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்கிறார்கள், பில் போடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். தறியில் உட்கார்ந்தவர் முகத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்குபவரிடம், கைத்தறிக்கு ஏன் கூடுதல் விலை என்று நெசவாளர் எப்படிப் புரியவைப்பார்?

2015 முதல் ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம். அன்றைக்கு ஒரு நாள், வாங்குபவர் தறிக்குழியில் இறங்கி நாலு இழை நெய்து பார்த்தால் போதும். அடுத்த சேலைக்கு அவர் பேரம் பேசும் விதமே மாறிவிடும்.