கணினியில் முறையும் முந்துரிமையும்

மன்னார்த் தீவிலே நன்னீர்க் கிணறு அருமையுடையது. கோடையில் அத்தகைய கிணற்றைச் சூழப் பலர் குடங்களோடு நிற்பராயின், ஒருவர் ஒரு வாளி அள்ளி விலக, அடுத்தவர் அள்ளுதலே முறை. கணினியின் முறைவழியாக்கியும் அத்தகைய கிணறே. அதன் ஒரு மையம் ஒரு கணத்தில் ஒரு செய்நிரலையே இயக்க வல்லது. பல செய்நிரல்கள் ஒருங்கே ஓடுவனபோலத் தோன்றுதல், பணிசெயல் முறைமை அவற்றுக்குச் சில மில்லிசெக்கன் அளவான நேரத்தை மாறி மாறிப் பகிர்ந்தளித்தலாலாம்.

இப்பங்கீட்டின் அருமையை யான் ஒரு பிழையால் அறிந்தேன். பாடசாலையின் பழைய மலர்களைப் பேண விரும்பி, வருடிய பக்கங்களை எழுத்தாக்கும் டெசராக்ட் என்னும் செய்நிரலை, ஒற்றை மையமுடைய பழைய லினக்ஸ் கணினியிலே காலையில் ஓடவிட்டேன். அன்று பெற்றோர் தினம். தேர்ச்சி அறிக்கைகளை ஆக்கும் செய்நிரலையும் அதே முனையத்தில் தொடங்கினேன். அது பெரிதும் தாமதித்தது. தொலைவிலிருந்து வந்த தாய்மார் காத்து நிற்கக் கண்டு, முன்னதை அறவே நிறுத்தினேன். அதுவரை செய்த வேலை வீணாயிற்று. ஒரு கட்டளையை அறிந்திருப்பின் இரண்டும் நிறைவேறியிருக்கும்.

யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் அக்கட்டளை ‘நைஸ்’ எனப்படும். பிறர்க்கு இணங்கி நடத்தல் என்பது அதன் கருத்து. லினக்ஸில் ஒவ்வொரு செய்நிரலுக்கும் -20 முதல் 19 வரை ஓர் இணக்க எண் உண்டு. வழமையான எண் 0. எண் உயர உயரச் செய்நிரல் பிறவற்றுக்கு வழிவிடும். குறையக் குறைய முந்தும். கட்டளை வரியில் ‘நைஸ் -என் 10’ என்பதனைச் செய்நிரலின் பெயருக்கு முன் ஆங்கில எழுத்திலே தட்டித் தொடங்கின், அது பத்துப் படி பின்னிற்கும். ஏலவே ஓடுவதாயின், ‘டாப்’ கட்டளை காட்டும் அதன் அடையாள எண்ணை ‘ரினைஸ் -என் 10 -பி’ என்பதன்பின் எழுதுதல் போதும்.

ஒவ்வொரு படியும் பங்கினை ஏறத்தாழ 1.25 மடங்கு மாற்றும். ஒரே முனையத்தில் தொடங்கி ஒரே மையத்துக்குப் போட்டியிடும் இரண்டனுள் ஒன்று 0இலும் மற்றது 10இலும் நிற்பின், நேரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு முன்னதற்கும் 10 பங்கு பின்னதற்கும் கிட்டும். வேறு முனையங்களில் தொடங்கியவற்றுக்கு இக்கணக்கு மாறக்கூடும். போட்டியில்லாதவிடத்துப் பின்னிற்பதும் முழுநேரத்தையும் பெறும். கிணற்றடியில் எவரும் இல்லாதபோது பெருந்தாழி கொணர்ந்தவர் தடையின்றி அள்ளுதல் போலும். எனினும், நினைவகக் குறைவாலோ வன்தட்டின் மந்தத்தாலோ நேரும் தாமதத்துக்கு இது மருந்தன்று.

சாதாரணப் பயனர் தம் செய்நிரலின் எண்ணை உயர்த்தலாம். அதனைக் குறைத்தலோ, பொதுவாக, ‘ரூட்’ எனப்படும் நிருவாகிக்கே உரியது. அஃதாவது, தம் முறையை விட்டுக்கொடுக்க எவர்க்கும் உரிமையுண்டு. பிறர் முறையைப் பறிக்க இல்லை. 10க்கு உயர்த்தியதை மீண்டும் 0 ஆக்குதற்கும் நிருவாகியே வேண்டப்படுவராதலின், எண்ணி உயர்த்துக.

அடுத்த தவணையிலே பழைய மலர்களை 10இல் நிறுத்தினேன். அறிக்கைகள் காலந்தாழாது வந்தன. தாய்மார் வெயில் ஏறுமுன் வீடு சென்றனர். மலர்களோ, மாலையில் கணினிக்கூடம் வெறிதான பின்னர், எழுத்தாகி முடிந்தன.