நகரில் இல்லம், புறநகரில் தொழில்

நமது கல்லூரியிற் கற்று வெளியேறும் இளைஞருட் பலர் தொழில் நிமித்தம் கொழும்புக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். அவர்கள் விடுமுறையில் வந்து எம்மைக் காணும்போது பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சேர், கொழும்பிலே எந்தப் பகுதியில் வீடு எடுப்பது நல்லது?" என்பதே அது. சில ஆண்டுகள் அந்நகரில் ஆசிரியப் பணி புரிந்தவர் என்பதனால் எம்மிடம் கேட்கின்றனர் போலும். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கூறிவந்த விடையை இவ்விழா மலரில் ஒருங்கே கூறுதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

முன்னைய தலைமுறையினர்க்கு இக்கேள்வி எளிதாயிருந்தது. அவர்தம் கந்தோர்கள் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் இருந்தன. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ குடியிருந்து, காலையிற் கரையோரப் புகைவண்டியிலேறிக் கோட்டையில் இறங்கினாற் போதும். இன்று நிலைமை வேறு. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. பின்னர் பியகமவிலும் அத்தகைய வலயம் எழுந்தது. 1982 இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேயிற் புதிய மண்டபம் புகுந்தபின் அரசாங்கக் கந்தோர்கள் பல பத்தரமுல்லையை அடைந்தன. மாலபேயில் உயர்கல்வி நிலையங்கள் தோன்றின. ஆகவே, கோயிலும் பாடசாலையும் உறவினரும் உள்ள நகரத்திலே குடியிருந்து, தொழிலுக்கு மோட்டார் வண்டியிற் புறநகருக்குச் செல்வோர் நம்மவருட் பலராயினர்.

வீடு தேடுவோர் முதலில் ஆராய்வது, தொழிலிடம் எத்தனை கிலோமீற்றர் என்பதனையே. தொல்காப்பியர் முதற்பொருளை வகுத்தவிடத்து நிலத்தை மட்டும் கூறி அமைந்தாரல்லர். பொழுதையும் உடன் கூறினார். வகுப்பறையில் மனனஞ் செய்த அவ்விலக்கணம் வீடு தேடுவார்க்கும் பொருந்துவதே. 2013 இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேகப் பாதை ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுடையது. அதனை இருபது நிமிடமளவிற் கடந்துவிடலாம். ஆனால், வெள்ளவத்தையிலிருந்து அப்பாதையின் தொடக்கத்தை அடைவதற்கு, தூரம் அதிற் பாதியளவேயாயினும், காலை வேளையில் அதனினும் கூடிய நேரம் கழிந்துவிடும். எனவே தொழிலிடம் எவ்வளவு தூரம் என்று கேட்பதினும், நகரத்தைவிட்டு வெளியேறும் வாயில் எவ்வளவு நேரம் என்று கேட்பதே அறிவுடைமை.

கொழும்புக்கு அத்தகைய வாயில்கள் நான்கு எனலாம். வடக்கு வாயில் களனி கங்கைப் பாலம். கண்டி வீதி, நீர்கொழும்பு வீதி, கட்டுநாயக்கா அதிவேகப் பாதை ஆகியன அதற்கப்பாற் பிரிகின்றன. பியகமவுக்குச் செல்வோரும் அவ்வழியை நாடுவர். இவ்வாயிலுக்கு அண்மையன கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை என்பன. கிழக்கு வாயில் இராஜகிரிய. பத்தரமுல்லை, மாலபே, கடுவெலை செல்வார்க்குரியது. அதற்குப் பொரளை அண்மையது. தென்கிழக்கு வாயில் கிருலப்பனை. அங்கிருந்து ஹைலெவல் வீதி நுகேகொடை, மஹரகமை வழியாகக் கொட்டாவைக்குச் செல்கின்றது. 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதைக்கு ஏறுமிடமும் கொட்டாவையே. நாரஹேன்பிட்டியும் ஹவ்லொக் நகரும் இதற்கு ஏற்றவை. தெற்கு வாயில் காலி வீதி. இரத்மலானை, மொரட்டுவைப் பக்கம் தொழில்புரிவோர்க்கு வெள்ளவத்தை மிகப் பொருத்தமானது. ஆயின், கட்டுநாயக்காவில் தொழில்புரியும் ஒருவர் உறவினர் உளர் என்ற ஒரே காரணத்தால் வெள்ளவத்தையில் வீடெடுப்பின், நாள்தோறும் இருமுறை நகரம் முழுவதையும் ஊடறுக்க நேரும்.

தொழில் மாறக்கூடியவர்க்கும், கணவனும் மனைவியும் வெவ்வேறு திசையிற் பணிபுரியும் குடும்பத்தார்க்கும் ஒன்று கூறுவோம். பேஸ்லைன் வீதி களனிப் பாலத்துப் பக்கமிருந்து தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி வழியாகக் கிருலப்பனையை அடைகின்றது. அதனை அடுத்துக் குடியிருப்பார்க்கு மூன்று வாயில்கள் கைக்கெட்டும் நிலையில் உள.

காலையில் எல்லோரும் நகரத்துக்குள் வருவர், நாம் எதிர்த்திசையிற் செல்வோம், ஆதலின் எமக்கு நெரிசலில்லை என்று சிலர் கருதுவர். இது பாதியே உண்மை. பத்தரமுல்லைக் கந்தோர்களுக்குச் செல்வோர் மிகப் பலராதலின் இராஜகிரிய வீதி காலையில் இருபக்கமும் நிறைந்தே காணப்படும். 2018 இல் அங்கு மேம்பாலம் அமைந்தும் இடர் முற்றாக நீங்கவில்லை. மேலும் பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குவன. அதற்கு முன்னுள்ள ஒருமணி நேரத்தில் பொரளை, பம்பலப்பிட்டி முதலிய பகுதிகளில் வாயிலை நோக்கிச் செல்வோரும் சிக்குண்பர்.

நிற்க. மேற்கூறியவெல்லாம் மோட்டார் வண்டியிற் செல்பவரைப் பற்றியன. வண்டியிற் செல்பவர் ஒருவர். வீட்டில் இருப்பவர் பலர். இதனை எம் குடும்பத்திலேயே கண்டறிந்தோம்.

எம் இளைய சகோதரர் கட்டுநாயக்காவிற் கணக்காளர். 2015 இல் அவர் வெள்ளவத்தையில், உறவினர் வாழும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்தார். காலை ஆறுமணிக்கு முன் புறப்படுவார். இரவு எட்டுமணிக்கு மீள்வார். அவர்தம் இரண்டு வயதுப் பெண்குழந்தை அவ்விரு வேளையும் உறக்கத்திலிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூக்கவந்தால், குழந்தை எம் அன்னையாரின் சேலையிற் சென்று ஒளியும். இதனைப் பொறாது, 2017 இல் அதிவேகப் பாதைக்கு மிக அண்மையில், ஆற்றங்கரைப் பக்கத்துப் புதிய குடியிருப்பொன்றுக்கு மாறினார். இப்பொழுது மாலை ஆறரைக்கே வீட்டிலிருந்தார். குழந்தையும் அவரை அறிந்துகொண்டது. ஆனால் அங்கிருந்து சந்தைக்கோ, கோயிலுக்கோ, வைத்தியரிடமோ நடந்து செல்ல இயலாது. பஸ் வண்டியும் தூரத்திலேயே நின்றது. வெள்ளவத்தையில் நாள்தோறும் கோயிலுக்குச் சென்றுவந்த அன்னையார் யன்னலருகே உட்காரத் தொடங்கினார். ஒருநாள், "தம்பி, நீ காரை எடுத்துக்கொண்டு போனால் எங்களுக்குக் கால் இல்லை" என்றார். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். சகோதரர் அன்றிரவு எம்மை அழைத்து, "அண்ணை, எனக்கு வீடு பார்த்தேன், அம்மாவுக்குப் பார்க்கவில்லை" என்று கூறியது இன்றும் எம் செவியிலுள்ளது.

2019 இல் அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடிக்கு வந்தார். வாடகை சிறிது கூட. பயணமும் பத்து நிமிடம் அதிகம். ஆயினும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு அன்னையார் நடந்தே செல்லலாயினார். தமிழ்மொழிப் பாடசாலையும் மருந்துக்கடையும் நடைதூரத்தில் அமைந்தன. ஆகவே எம் முடிபு இது: செல்பவர்க்குரிய வாயிலை முதலில் தெரிக; அவ்வாயிலைச் சேர்ந்த பகுதிகளுள், வண்டி சென்றபின் எஞ்சியிருப்போர் நடந்தே வாழத்தக்க பகுதியைத் தெரிக.

இனி, முற்பணம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியன சில. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்து முடிவு செய்தலாகாது. பாடசாலை நடைபெறும் ஒரு வேலைநாளில், காலையும் மாலையும், தொழிலுக்குச் செல்லும் நேரத்திலேயே அவ்வழியைச் சென்று பார்த்தல் வேண்டும். வண்டி நிறுத்துமிடம் வாடகையுள் அடங்குமா என்பதனை வாய்ச்சொல்லாக விடாது எழுத்திற் பெறுதல் நன்று. வெள்ளத்தைப் பற்றி அயலாரை வினவுதல் வேண்டும். 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பக்கங்கள் நீருள் மூழ்கின.

இறுதியாக, வண்டி ஓடாத நாளையும் எண்ணுதல் வேண்டும். 2022 இல் எரிபொருள் அருகியபோது மோட்டார் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு செய்தனர். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 240 கிலோமீற்றருக்கே போதும். கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஐந்து நாட் சென்று மீள்வதற்கோ 300 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். எம் சகோதரர் மூன்று நாள் வண்டியிலும் இரண்டு நாள் மருதானையிலிருந்து புகைவண்டியிலும் சென்று அக்காலத்தைக் கடந்தார். ஹைலெவல் வீதிப் பக்கத்தார்க்கும் இரத்மலானைப் பக்கத்தார்க்கும் புகைவண்டி உண்டு. மாலபேக்கு இல்லை, அங்கு அமையவிருந்த இலகு ரயில் திட்டமும் 2020 இற் கைவிடப்பட்டது. அத்திசையிற் செல்வோர் பஸ் வண்டிப் பாதைக்கு அண்மையில் இருப்பதே நன்று.

இளைஞர் வீடு பார்க்கச் செல்லும்போது தனியே செல்லற்க. பகல் முழுதும் அவ்வீட்டில் இருக்கப்போகும் தாயாரையோ மனைவியையோ உடன் அழைத்துச் சென்று, அவர் அவ்வொழுங்கையிற் சிறிது தூரம் நடந்து பார்த்தபின் விடை கூறுக. நம் பழைய மாணவர் எங்கு வாழினும் நல்லில்லம் அமையப்பெற்று, மாலைப்பொழுதில் மக்களோடிருக்கும் பேறு பெறுவாராக.