மோட்டார் சைக்கிள் இழுவை வண்டி: எந்த அளவுச் சக்கரம் ஏற்றது?

காய்கறிக் கூடை, மாட்டுத் தீவனம், உர மூட்டை, தெளிப்பான் போன்றவற்றை வயலுக்கும் வீட்டுக்கும் இடையே கொண்டு செல்ல மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சிறு இழுவை வண்டியைப் பூட்டிக்கொள்ளும் எண்ணம் விவசாயிகள் பலருக்கு உண்டு. மாடு வைத்து வண்டி கட்டுவது குறைந்துவிட்டது. இரண்டு கூடைக்காக டெம்போவை வாடகைக்கு அமர்த்தினால் கட்டுபடி ஆவதில்லை. இந்நிலையில் உள்ளூர்ப் பட்டறையில் ஒரு வண்டி செய்துகொள்வது இயல்பே. ஆனால் அப்படிச் செய்யும்போது, பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த சக்கரத்தையே பொருத்தி விடுவது பொதுவான வழக்கமாக உள்ளது. வண்டியின் உழைப்பும் ஓட்டுபவரின் பாதுகாப்பும் பெரிதும் சக்கரத்தைப் பொறுத்தவை. ஆகவே அதைத் தேர்ந்தெடுப்பதில் சில உண்மைகளைக் கவனத்தில் கொள்வது அவசியம்.

புதுச்சேரி நகரின் வடமேற்கே உள்ள சேதராப்பட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருபுறம் தொழிற்பேட்டையும் தார்ச் சாலையும். மறுபுறம் வயல்களும் வண்டிப் பாதைகளும். சற்றுத் தொலைவில் ஊசுடு ஏரி. புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டின் வானூர்ப் பகுதி நிலமும் இங்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே பயணத்தில் வரப்பு, மண் பாதை, தார்ச் சாலை ஆகிய மூன்றையும் கடக்க வேண்டிய இத்தகைய ஊர்களில், எல்லாப் பாதைக்கும் ஈடுகொடுக்கும் சக்கரம் தேவை.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

நம் கட்டை வண்டியின் சக்கரம் ஆளின் மார்பளவு உயரம் இருப்பதற்குக் காரணம் உண்டு. சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் குறைவாக இறங்கும்; மேட்டில் எளிதாக ஏறும்; மாடுகளுக்கு இழுப்புக் குறையும். பிரான்சு நாட்டில் 1830-களின் இறுதியில் துப்புயி, மோரின் என்ற இரு பொறியாளர்கள் இதைச் சோதனை செய்து பார்த்தார்கள். சக்கரத்தின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழுவிசை பாதியாகும் என்றார் மோரின். ஏறத்தாழ 30 சதவீதமே குறையும் என்றார் துப்புயி. அளவில் கருத்து வேறுபட்டாலும், பெரிய சக்கரத்துக்கு இழுப்புக் குறைவு என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

பின்னர் வந்த டயர் வண்டியில் சக்கரம் சிறுத்தது. ஆயினும் காற்றடைத்த டயர் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமுங்கிக் கொடுப்பதாலும், மண்ணில் அதிகம் புதையாததாலும் கூடுதல் பாரம் ஏற்ற முடிந்தது. ஆகவே விட்டம், டயரின் அகலம் ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிடைக்கும் சக்கரங்கள்

டயரின் மேல் 4.00-8 என்று பொறித்திருந்தால், டயரின் பருமன் 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 8 அங்குலம் என்று பொருள். ரிம் அளவோடு பருமனின் இரு மடங்கைக் கூட்டினால் வெளிவிட்டம் ஏறக்குறையக் கிடைக்கும். நம் பகுதியில் எளிதில் கிடைப்பவை வருமாறு:

1. ஆட்டோ சக்கரம் (4.00-8): வெளிவிட்டம் சுமார் 16 அங்குலம்.

2. ஸ்கூட்டர் சக்கரம் (3.50-10): சுமார் 17 அங்குலம்.

3. மொபெட் சக்கரம் (2.50-16): சுமார் 21 அங்குலம்.

4. மோட்டார் சைக்கிள் சக்கரம் (2.75-18): சுமார் 23½ அங்குலம்.

இவை தவிர, மாருதி 800 காரின் 12 அங்குல ரிம் கொண்ட சக்கரமும் உண்டு. அதன் வெளிவிட்டம் சுமார் 20 அங்குலம். உறுதியானது, ஆனால் எடை மிகுந்தது. சிறிய பைக்குக்கு அந்த எடையே பாரமாகிவிடும்.

மேடும் பள்ளமும்

ஓர் அடி நீளமுள்ள குழியில் 16 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 2¾ அங்குலம் இறங்கும். 21 அங்குலச் சக்கரம் 2 அங்குலத்துக்கும் குறைவாகவே இறங்கும். வரப்பின் விளிம்போ கல்லோ 4 அங்குல உயரம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 40 கிலோ பாரம் இருந்தால், 16 அங்குலச் சக்கரத்தை மெதுவாக அதன் மேல் ஏற்ற ஏறத்தாழ 69 கிலோ இழுவிசை வேண்டும். 21 அங்குலச் சக்கரத்துக்கு 51 கிலோ போதும். டயர் அமுங்குவதால் உண்மையில் இவை சற்றுக் குறையலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீங்காது. இந்த இழுப்பு முழுவதும் பைக்கின் கிளட்ச், செயின், பின் டயர் ஆகியவற்றின் மேல்தான் விழுகிறது.

சிறிய சக்கரம் அதிகமுறை சுற்றவும் வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 16 அங்குலச் சக்கரம் சுமார் 780 சுற்றுகள் சுற்றும். 23½ அங்குலச் சக்கரம் 530 சுற்றுகளே சுற்றும். எனவே சிறிய சக்கரத்தின் பேரிங்கும் டயரும் விரைவில் தேய்கின்றன.

சிறிய சக்கரத்தின் நன்மைகள்

இவற்றைக் கொண்டு சிறிய சக்கரத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. ஆட்டோ, ஸ்கூட்டர் சக்கரங்களை ஒரு பக்கத்திலிருந்தே போல்ட் போட்டு மாட்டிவிடலாம். அச்சு செய்வது எளிது. தட்டு தாழ்வாக அமைவதால் பாரம் ஏற்றி இறக்குவதும் எளிது. வண்டி கவிழும் வாய்ப்பும் குறைவு. இரு பாதியாகப் பிரியும் ஸ்கூட்டர் ரிம் என்றால், வழியில் பஞ்சரானால் டியூப் மாற்றுவது சிரமமில்லை.

கம்பிச் சக்கரத்தில் வேறொரு சங்கடம் உண்டு. மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் சாய்ந்து திரும்புவதால் அதன் சக்கரத்துக்குப் பக்கவாட்டு அழுத்தம் மிகக் குறைவு. இழுவை வண்டி சாய்வதில்லை. திரும்பும்போது பாரம் முழுவதும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதிக பாரத்தோடு வேகமாகத் திருப்பினால் கம்பிகள் தளர்ந்து அறுந்து, சக்கரம் கோணிவிடும். மேலும், மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் அச்சை இருபுறமும் தாங்கிப் பிடிக்கச் சட்டம் அமைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்துத் தொங்கவிட்டால் அச்சு வளைந்து விடும்.

பாரத்தை முடிவு செய்வது எது?

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஆட்டோ சக்கரம் போட்டால் ஆட்டோ அளவுக்குப் பாரம் ஏற்றலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீட்டு எண் பொறிக்கப்பட்டிருக்கும். 42 என்றால் ஒரு டயர் 150 கிலோவையும், 50 என்றால் 190 கிலோவையும் தாங்கும். ஆகவே பெரும்பாலும் டயர் தாங்கிவிடும். தாங்காதது பைக்கின் பிரேக்.

கணக்குப் பார்ப்போம். பைக்கின் எடை 115 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ. ஆக 185 கிலோ. பிரேக் இல்லாத இழுவை வண்டி பாரத்தோடு 75 கிலோ இருந்தால், பிரேக்கின் பிடி அதே அளவாக இருக்கும்போது, நிற்கத் தேவைப்படும் தூரம் 1.4 மடங்காகும். 200 கிலோ இருந்தால் இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அத்துடன், பின்னாலிருந்து வண்டி தள்ளுவதால் பைக் குறுக்கே திரும்பிச் சரியும் ஆபத்தும் உண்டு.

பிரிட்டனில், பாரத்தோடு சேர்த்து இழுவை வண்டியின் எடை 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேல் போகக்கூடாது. அகலம் 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிலும், 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கே அங்கு அனுமதி. இந்தக் கணக்கை வைத்தால் 115 கிலோ பைக்குக்கு வண்டியும் பாரமும் சேர்ந்து 76 கிலோதான் வரும். வண்டியின் எடை 30 கிலோ என்றால் சரக்கு 45 கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இதற்கு மேல் பாரம் வேண்டுவோர் சக்கரத்தை மாற்றிப் பயனில்லை. வண்டியின் வகையையே மாற்ற வேண்டும். குஜராத்தின் அம்ரேலி மாவட்ட விவசாயி மன்சுக்பாய் ஜகானி 1994-ல் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை நீக்கி, அவ்விடத்தில் இரு சக்கரங்கள் கொண்ட உழவு அமைப்பைப் பொருத்தினார். சாய்ந்து ஓடும் இரு சக்கர வண்டியைக் கொண்டு அவர் இழுக்க முயலவில்லை. நிலையாக நிற்கும் மூன்று சக்கர வண்டியாகவே அதை மாற்றிக்கொண்டார்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பெரும்பாலும் தார்ச் சாலை, சீரான மண் சாலை என்றால் 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் ஏற்றது. வரப்பு, மணல், குண்டும் குழியுமான பாதை என்றால், மேற்கூறிய எடை வரம்புக்குள், 16 அங்குல மொபெட் சக்கரம் சிறந்தது. சேதராப்பட்டு போன்ற கலப்புப் பாதைக்கும் இதுவே பொருந்தும். 18 அங்குலச் சக்கரத்தில் தட்டை அச்சுக்கு மேலே வைத்தால் வண்டி உயர்ந்து ஆடும். தட்டை இரு சக்கரங்களுக்கும் இடையே தாழ்த்தி அமைக்க முடிந்தால் மட்டும் அதைக் கொள்ளலாம். 8 அங்குல ஆட்டோ சக்கரம் நல்ல சாலைக்கு மட்டுமே. வீட்டிலுள்ள வண்டியின் அளவிலேயே சக்கரம் அமைந்தால் டயரும் டியூபும் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* இரு டயர்களும் ஒரே அளவாகவும், காற்று சமமாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

* பாரம் ஏற்றியபின் தட்டு மட்டமாக நிற்கும்படி, சக்கர உயரத்துக்கு ஏற்ப இணைப்புக் கொக்கியின் உயரத்தை அமைக்க வேண்டும்.

* மாட்டு வண்டியில் பார்ப்பதுபோல் முன்பாரம், பின்பாரம் பார்க்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் நிற்கட்டும். பின்பாரமானால் வண்டி வாலாட்டும்.

* பைக் இருபக்கமும் சாயும்போது கொக்கியும் சுழன்று கொடுக்க வேண்டும். பைக்கின் சட்டத்தில் நேரடியாக வெல்டு வைத்தால் சட்டம் பலமிழக்கும்.

* அறுந்தால் பிடித்துக்கொள்ளக் காப்புச் சங்கிலியும், பின்புறம் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

சாலைக்கு எடுத்துச் செல்லும் முன், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. சேதராப்பட்டில் ஊர் எல்லையைத் தாண்டினாலே மாநில எல்லையும் வந்துவிடும். ஆகவே பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். அனுமதி இல்லையெனில் வண்டி சொந்த நிலத்துக்குள் மட்டுமே ஓட வேண்டும்.

பாதையைப் பார்த்துச் சக்கரத்தையும், பிரேக்கைப் பார்த்துப் பாரத்தையும் முடிவு செய்யும் விவசாயிக்கு இந்தச் சிறு வண்டி நெடுநாள் உழைக்கும் என்பதில் ஐயமில்லை.