பிரம்மதண்டு: பூ அழகு, விதை நஞ்சு

வறட்சியைத் தாங்கும் பாப்பிச் செடியைத் தோட்டத்தில் வளர்க்க விரும்பும் அன்பர்கள் உண்டு. கதிர்காமத்தில் அதற்கு விதை தேட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காலி மனைகளிலும் பாதையோரங்களிலும் தானே முளைக்கும் பிரம்மதண்டு, கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வர். இதன் தாயகம் மெக்சிகோ. இலையில் முட்களும் வெண்ணிற நரம்புகளும் காணப்படும். ஒடித்தால் மஞ்சள் பால் வடியும்.

மஞ்சள் பூ அழகுதான். ஆனால் விதை கடுகைப் போலவே இருக்கும். அதன் எண்ணெயில் சாங்குவினரின் என்னும் நஞ்சு உள்ளது. 1998இல் டெல்லியில் இது கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களுக்கு உடல் வீங்கி, 60 பேருக்கு மேல் இறந்தனர்.

ஆகவே அழகுக்காக விட்டுவைக்க வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போதே, பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிவிடுங்கள். காய் வெடித்தால் நூற்றுக்கணக்கான விதைகள் சிதறும். காய் பிடித்த செடியை எருக்குழியில் போடக்கூடாது. ஆழக் குழிதோண்டிப் புதைப்பது நல்லது.

கடுகில் ஐயம் இருந்தால் நசுக்கிப் பாருங்கள். நல்ல கடுகின் மேற்புறம் வழுவழுப்பாகவும் உட்புறம் மஞ்சளாகவும் இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெண்மை.

கசகசாச் செடியையும் வீட்டில் வளர்க்க எண்ண வேண்டாம். உரிமமின்றிப் பயிரிடுவது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்.

வறண்ட மனைக்கு ஏற்றது பத்துமணிப் பூ. 3 அங்குல நுனித்தண்டை நட்டால் வேர் பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது.